ஊர்விதியை எழுதும் கை எவர் கை?

ஒரு குடும்பத்தின் நாள்வாழ்வை ஆள்வன பெருஞ்சட்டங்கள் மட்டும் அல்ல. வீட்டுக்கு எவ்வளவு வரி, குடிநீர்க் குழாய்க்கு எவ்வளவு கட்டணம், குப்பையை எங்கே கொட்டுவது, ஏரிக்கரையில் எவர் கடை வைப்பது, மந்தைவெளியில் எதைக் கட்டுவது, எந்தத் தெருவுக்கு விளக்கு முதலில் வருவது என்னும் இவையே விடிந்தது முதல் பொழுது சாயும் வரை ஒவ்வொரு குடியையும் தொட்டு நிற்பவை. இவற்றை முடிவு செய்யும் விதிகள் தில்லியில் பிறப்பன அல்ல. ஊராட்சி அலுவலகத்தின் மரப்பலகை மேசையில், ஒரு தீர்மானப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களில், பெரும்பாலும் ஊரார் எவரும் பார்த்திராத ஒரு பிற்பகலில் அவை பிறக்கின்றன. பிறந்த பின்னரே ஊர் அவற்றை அறிகிறது. அறிந்த பின்னர்ப் புலம்புகிறது. புலம்பலுக்கு எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை. முன்கூட்டிச் சொல்லும் சொல்லுக்கே இடம் உண்டு.

தில்லி ஆட்சி எவரிடம், சென்னைக் கோட்டை எவரிடம் என்று தேநீர்க் கடைகளில் நாள்தோறும் வழக்காடும் தமிழன், தன் ஊரவை எந்நாளில் கூடுகிறது என்று கேட்டால் விழிக்கின்றான். இந்நிலை மாறாத வரை தன்னாட்சி பற்றிய பேச்செல்லாம் மேடையோடு நின்றுவிடும். தன் தெருவை ஆளத் தெரியாத மக்கள் நாட்டை ஆளக் கேட்பது எங்ஙனம்?

ஊர் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்ளும் முறை தமிழர்க்குப் புதியது அன்று. அகநானூற்றின் 77-ஆம் பாடலிலேயே, கயிற்றால் பிணித்த குடத்தின் பொறியை நீக்கி ஓலையை வெளியே எடுக்கும் செயல் உவமையாக வந்துள்ளது. உவமையாகச் சொல்லும் அளவுக்கு அம்முறை அந்நாளிலேயே மக்கள் அறிந்த ஒன்றாயிருந்தது. பின்னர், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் உத்திரமேரூரில் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் அம்முறையின் முழு ஒழுங்கையும் விளக்குகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. குடும்பு ஒவ்வொன்றிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பெற்றுக் குடத்தில் இடப்பட்டன. ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுக்கப்பட்டது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், ஆட்டை வாரியம் எனப் பணிகள் பகிரப்பட்டன. முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவன் மீண்டும் வரக்கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் வரக்கூடாது, அவன் நெருங்கிய உறவினரும் வரக்கூடாது.

இவ்விரு கல்வெட்டுகளிலும் பெரும்பாலோர் காணத் தவறும் உண்மைகள் இரண்டு உள. முதலாவது, 919-இல் வகுத்த விதியில் குறை தென்பட்டதால் இரண்டே ஆண்டுகளில், 921-இல், அது திருத்தப்பட்டது. விதி என்பது மாற்றவொண்ணாத ஒன்று அன்று, பட்டறிவுக்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டியது என்பதை அந்த அவை உணர்ந்திருந்தது. இரண்டாவது, அவ்விதி பெட்டியில் பூட்டி வைக்கப்படவில்லை. பொதுவிடத்துக் கற்சுவரில் வெட்டி வைக்கப்பட்டது. படிக்கத் தெரிந்த எவனும் படிக்கலாம். 'விதி இப்படியன்றோ சொல்கிறது' என்று சுட்டிக் கேட்கலாம். இன்று தன் ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கச் செல்பவனிடம் 'பிறகு வா' என்று சொல்லும் அலுவலகங்கள், ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்திய அந்தச் சுவரின்முன் நாணி நிற்கத்தான் வேண்டும்.

ஆனால், பெருமை பேசும் வாய் உண்மையை விழுங்கிவிடக் கூடாது. உத்திரமேரூர் நான்மறை ஓதிய பார்ப்பனர்க்கு அரசன் வழங்கிய ஊர். அதன் அவையில் இடம்பெறக் கால் வேலிக்கு மேற்பட்ட வரிசெலுத்தும் நிலமும், தன் மனையில் கட்டிய வீடும், 35-க்கு மேல் 70-க்கு உட்பட்ட அகவையும், மறைக்கல்வியும் வேண்டும் என்று 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகின்றது. நிலத்தை உழுதவனுக்கு அங்கு ஓலை இல்லை. ஏரியில் மண் சுமந்தவளுக்கும் இல்லை. வேளாண் ஊர்களில் 'ஊர்' என்னும் அவையும், வணிகர் வாழ்ந்த இடங்களில் 'நகரம்' என்னும் அவையும் இருந்தன என்பது மெய்யே; ஆயினும் அவற்றிலும் நிலமும் பொருளும் உடையோர் குரலே ஓங்கியிருந்தது. குடவோலையைக் காட்டி மார்தட்டும் தமிழன், அக்குடத்தில் தன் முப்பாட்டன் பெயர் எழுதிய ஓலை இருந்ததா என்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அந்தக் குடத்தில் இடம் பெறாதவர்க்கும் இன்று அவையில் இடம் உண்டு. இதுவே இக்காலத்தின் பெரும்பேறு. 1993 ஏப்பிரல் 24-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் அமைப்பின் 73-ஆம் திருத்தம், ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் சேர்ந்ததே ஊரவை என்று வரையறுத்தது. அரசு அதனைக் 'கிராம சபை' என்று வழங்குகின்றது. அதில் உறுப்பினராக நிலம் வேண்டா, மறைக்கல்வி வேண்டா, ஆணாயிருத்தல் வேண்டா, எவர் ஒப்புதலும் வேண்டா. பதினெட்டு அகவை நிறைந்து பட்டியலில் பெயர் ஏறினால் போதும். நாடாளுமன்றத்துக்கு மக்கள் பேராளரைத்தான் அனுப்புகின்றனர். ஊரவையிலோ மக்களே உறுப்பினர். இந்த வேறுபாட்டை உணர்ந்தவர் நூற்றில் எத்தனை பேர்?

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இந்த அவைக்குச் சில பணிகளைத் தெளிவாக வகுத்துள்ளது. ஊர் வளர்ச்சித் திட்டத்திற்கு ஒப்புதல் அளிப்பது, ஆண்டு வரவு செலவுத் திட்டத்திற்கு ஒப்புதல் அளிப்பது, கணக்குத் தணிக்கை அறிக்கையை ஆய்ந்து ஏற்பது, நடைபெறும் திட்டங்களின் போக்கை ஆராய்வது என்பன அவை. சனவரி 26, மே 1, ஆகசுட்டு 15, அத்தோபர் 2 ஆகிய நான்கு நாள்களில் ஊரவை கூட்டப்பட்டு வந்தது. 2022-இல் உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச்சு 22-உம், உள்ளாட்சிகள் நாளாகிய நவம்பர் 1-உம் சேர்க்கப்பட்டு ஆறு நாள்கள் ஆயின. கூட்டம் நடைபெறுவதற்கு ஏழு நாள் முன்னரே ஊரார்க்கு அறிவித்தல் வேண்டும். 500 பேர் வரை வாழும் ஊராட்சியில் 50 பேரும், 3,000 பேர் வரை 100 பேரும், 10,000 பேர் வரை 200 பேரும், அதற்கு மேற்பட்டால் 300 பேரும் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும்.

இவ்வளவும் ஏட்டில் உள்ளவை. நாட்டில் நடப்பது என்ன? பல ஊர்களில் காலை பத்து மணிக்கு ஒரு பந்தல். பதினொன்றுக்கு ஒரு பதாகை. பன்னிரண்டுக்குத் தேநீரும் உண்பொருளும். ஒரு மணிக்குக் கலைவு. வருகைப் பதிவேட்டில் கையொப்பம் வாங்குவதிலேயே முழு விரைவும் காட்டப்படுகிறது. அரசுச் சுற்றறிக்கை கூறும் பொருள்களை ஊராட்சிச் செயலர் ஒரே மூச்சில் படித்து முடிக்கின்றார். கூட்டத்துக்கு வேண்டிய எண்ணிக்கையை நிரப்ப, வேலை உறுதித் திட்டத்தில் பணிபுரியும் பெண்டிர் அழைத்து வரப்படுகின்றனர். அவர்கள் வாய் திறந்து கேட்டால் வேலை போய்விடுமோ என்று அஞ்சிப் பேசாதிருக்கின்றனர். தீர்மானங்கள் கூட்டம் கலைந்த பிறகு எழுதப்படுகின்றன. கையொப்பம் மக்களுடையது, சொற்கள் வேறு எவருடையவோ! வெற்றுத் தாளில் கையொப்பம் இட்டுக் கொடுக்கும் உழவன், தன் நிலத்தைக் கடன்காரனிடம் எழுதிக் கொடுப்பானா? ஊரை மட்டும் ஏன் அப்படி எழுதிக் கொடுக்கின்றான்?

இதனினும் கொடிது சாதியின் கை. மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தைச் சேர்ந்த மேலவளவு ஊராட்சி 1996-இல் ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. அதனைப் பொறாத சாதிவெறி, தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் அவருடன் சென்றோரையும் 1997 சூன் 30-இல் வெட்டிக் கொன்றது. அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் ஒதுக்கீட்டின்படி முறையான தலைவர் பொறுப்பேற்கப் பத்தாண்டுகள் சென்றன. 2006-இல்தான் அது இயன்றது. ஒரே தமிழ் பேசும் வாய்கள், ஒரே ஏரி நீரைக் குடிக்கும் வாய்கள், ஓர் அவையில் ஒன்றாய் அமர்ந்து பேச ஒப்பவில்லை என்றால், அந்த இனம் எதனைப் பற்றிப் பெருமை கொள்வது? ஊரவையில் கடைசித் தெருவினன் எழுந்து நின்று பேசும்போது முதல் தெருவினன் அமர்ந்து கேட்பானாயின், அன்றைக்குத்தான் அந்த ஊரில் தமிழ் வாழ்கின்றது என்று சொல்லத் தகும். 2016-இல் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கத் தமிழ்நாடு சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் தேர்வு பெற்ற மனைவியின் இருக்கையில் கணவன் அமரும் ஊர்களில் அந்தத் திருத்தம் தாளில் மட்டுமே வாழ்கின்றது.

குறைகளை எண்ணிக்கொண்டிருப்பதால் குறை தீராது. ஊரார் செய்யத்தக்கவை யாவை என ஒவ்வொன்றாய்க் காண்போர்க்கு வழி புலப்படும்.

முதலாவது, கூட்டத்துக்கு முன் செய்ய வேண்டியது. பொருள்நிரல் என்ன என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டல் வேண்டும். சென்ற கூட்டத்தின் தீர்மானங்களின் படியையும், நடப்பு ஆண்டின் வரவு செலவு அறிக்கையையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் கைக்கருவியாக உள்ளது. பத்து உருவா கட்டணத்துடன் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கேட்டால் 30 நாள்களுக்குள் விடை தருதல் பொதுத் தகவல் அலுவலரின் கடமை. ஆகவே கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே இம்முயற்சியைத் தொடங்குதல் நன்று. கையில் கணக்கு இல்லாமல் அவைக்குச் செல்பவன் வாளின்றிக் களம் புகுபவனை ஒப்பான்.

இரண்டாவது, தெருவிலேயே கூடிப் பேசி, வேண்டுவதை ஒரு தீர்மான வரைவாக எழுதிக்கொள்ளல். 'எங்கள் ஊருக்கு நல்லது செய்ய வேண்டும்' என்பது தீர்மானம் ஆகாது. எந்த இடத்தில், எந்தப் பணி, எந்தத் தொகையிலிருந்து, எவர் பொறுப்பில், எந்த நாளுக்குள் என்னும் ஐந்தும் அதில் இருத்தல் வேண்டும். 'கீழ ஏரியின் இரண்டாம் மதகைப் பழுது பார்த்து ஐப்பசி மழைக்கு முன் முடிப்பது' என்று எழுதினால் அடுத்த கூட்டத்தில் 'முடிந்ததா?' என்று கேட்க முடியும். பொதுப்படச் சொன்னது பொதுப்படவே மறக்கப்படும்.

மூன்றாவது, அவையில் செய்ய வேண்டியது. ஒருவரே பத்துச் செய்தி பேசுவதைவிடப் பத்துப் பேர் ஒரு செய்தியைப் பேசுதல் வலிமை மிக்கது. தீர்மானத்தின் சொற்கள் அவையிலேயே எழுதப்பட்டு, உரக்கப் படிக்கப்பட்ட பின்னரே அதன்கீழ்க் கையொப்பம் இடுதல் வேண்டும். மறுப்பு உண்டாயின் அந்த மறுப்பும் பதிவாதல் வேண்டும். எழுதாத மறுப்பு காற்றோடு போகும்.

நான்காவது, கூட்டத்துக்குப் பின் செய்ய வேண்டியது. தீர்மானத்தின் படியைப் பெற்று, ஊராட்சி ஒன்றியத்துக்கும் மாவட்ட ஆட்சியர்க்கும் அனுப்பி, ஒப்புகை பெற்று வைத்தல் வேண்டும். ஊரில் இளைஞர் இருவர் இதற்கென ஒரு கட்டுக்கோப்பை வைத்துப் பேணுவாராயின், அடுத்து வரும் தலைவர் எவராயினும், ஊரின் நினைவாற்றல் அழியாது. அலுவலர் மாறுவர், தாள் மாறாது.

இனி, துணைவிதிகளைப் பற்றி ஊரார் தனியே அறிதல் வேண்டும். ஊராட்சி தன் பணிகளுக்கு வேண்டிய துணைவிதிகளை, ஊராட்சிகளின் ஆய்வாளராகிய மாவட்ட ஆட்சியரின் ஒப்புதலுடன் இயற்றிக்கொள்ள 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகிறது. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும், உள்ளாட்சிகள் கழிவு பற்றிய துணைவிதிகளை ஓராண்டுக்குள் இயற்ற வேண்டும் என்று பணித்தன. அத்துணைவிதிதான் குப்பைக்குக் கட்டணமும் தண்டமும் வரையறுப்பது. தம் ஊரில் அப்படி ஒன்று எப்போது இயற்றப்பட்டது என்று அறிந்த குடிகள் மிகச் சிலரே.

விதி செய்வதற்கு ஒரு நேர்மையான ஒழுங்கு உண்டு. 1897-ஆம் ஆண்டின் பொதுக்கூறுகள் சட்டம், 23-ஆம் பிரிவில், நடுவண் சட்டங்களின்கீழ் முன்வெளியீட்டுடன் செய்யப்படும் விதிகளுக்கு அவ்வொழுங்கை எழுதி வைத்தது. முதலில் வரைவை வெளியிடுதல் வேண்டும். எந்த நாளுக்குப் பின் அது ஆராயப்படும் என அறிவித்தல் வேண்டும். அந்நாளுக்குள் வரும் மறுப்புகளையும் கருத்துகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதன் பின்னரே இறுதி விதி. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும், புதுவரி விதிக்கவோ வரியை உயர்த்தவோ முற்படும் நகர்மன்றம் முன்னரே அறிவித்து, ஒரு மாதத்துக்குக் குறையாமல் மறுப்புக்குக் காலம் விடவேண்டும் என்று கூறியிருந்தது. வெள்ளையன் காலத்துச் சட்டங்களே குடியின் சொல்லுக்குக் காது கொடுக்கச் சொல்லின என்றால், விடுதலை பெற்ற நாட்டின் உள்ளாட்சி அதனினும் ஒருபடி மேலே நிற்க வேண்டாவா?

மறுப்பு எழுதும் முறையும் எளிதே. வரைவின் எந்தப் பிரிவு, அதனால் எவர்க்கு என்ன இடர், அதற்கு மாற்றாக எழுத வேண்டிய சொற்கள் எவை என்னும் மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் குறித்த நாளுக்குள் நேரிற் கொடுத்து ஒப்புகை பெறுதல் வேண்டும். 'இது கொடுமை' என்று நூறு பேர் முழங்கியதைக் குறிப்பேடு காட்டாது. 'ஏழாம் பிரிவில் கூரைவீடுகளுக்கு விலக்களிக்க வேண்டும்' என்று ஒருவன் எழுதியதைக் காட்டும். பின்னொரு நாள் முறைமன்றம் செல்ல நேர்ந்தாலும் அந்த ஒரு தாளே சான்றாய் நிற்கும்.

இவ்விடத்தில்தான் மொழி குறுக்கிடுகின்றது. வரைவைப் படிக்க இயலாதவன் மறுப்பை எங்ஙனம் எழுதுவான்? 2020 மார்ச்சில் நடுவண் அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான புதிய வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. கேட்ட மொழிகள் ஆங்கிலமும் இந்தியும்! காவிரிப் படுகை உழவனும் கடலோர மீனவனும் தம் மண்ணையும் கடலையும் பற்றிய வரைவைத் தம் மொழியில் காண முடியவில்லை. 2020 சூன் 30-இல் தில்லி உயர் முறைமன்றம், எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதனைப் பெயர்த்து வெளியிடுமாறு ஆணையிட்டு, கருத்துரைக்கும் காலத்தையும் ஆகசுட்டு 11 வரை நீட்டித்தது. நடுவண் அரசோ பெயர்ப்பதை விடுத்து, அந்த ஆணையை எதிர்த்து வழக்காடச் சென்றது. மக்களிடம் கருத்துக் கேட்பதாகச் சொல்லிக்கொண்டு, மக்கள் மொழியில் கேட்க மறுப்பது கேட்பு ஆகாது. கேட்டது போல் காட்டும் நடிப்பு.

தில்லியைச் சாடிவிட்டு அமைதி கொள்ளவும் இயலாது. 1956-இலேயே தமிழை ஆட்சிமொழி ஆக்கிச் சட்டம் செய்த மாநிலம் இது. ஆயினும் ஊர்ப்பணியின் மதிப்பீட்டுத் தாள்கள் பல இன்னும் ஆங்கிலத்திலேயே உள்ளன. கலுங்கு என்று ஊர் அறிந்ததை 'சர்ப்ளசு வியர்' என்றும், மதகை 'சுலூசு' என்றும், வரத்துக்காலை 'சப்ளை சேனல்' என்றும் எழுதினால், எந்தக் கலுங்கைப் பற்றிய பேச்சு இது என்பதே அந்த ஏரியின் நீரில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரியாமற் போகும். தெரியாததை அவன் எதிர்க்கவும் மாட்டான், திருத்தவும் மாட்டான். மொழி அறியாமையில் ஒளிந்துகொள்ளும் கொள்ளை, கன்னக்கோல் வைத்து நுழையும் கொள்ளையினும் பெரிது. நல்ல தமிழ் வேண்டும் என்போர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. ஊரவைக்குரிய தமிழ், புலவர் அரங்கின் தமிழ் அன்று. மடை, மதகு, களம், மந்தை, வாய்க்கால், வரப்பு என்று ஊரார் நாவில் ஏற்கெனவே உயிரோடு உலவும் தமிழ். அதனை அலுவலகத் தாளில் ஏற்றிவிட்டால் பாதிப் போர் வென்றதாகும். ஊர் தோறும் தமிழ் கற்ற இளைஞர் ஒருவர் வரைவுகளையும் மதிப்பீடுகளையும் ஊரார் மொழியில் எழுதிப் பொதுப்பலகையில் ஒட்டுவாராயின், அத்தொண்டு பத்துத் தமிழ் மாநாடுகளுக்கு ஈடாகும்.

நகரத்தார் நிலை வேறு. 74-ஆம் திருத்தம் 1993 சூன் 1-இல் நடைமுறைக்கு வந்து, மூன்று இலக்கம் மக்களுக்கு மேற்பட்ட நகரங்களில் வட்டக் குழுக்கள் வேண்டும் என்றது. ஆனால் நகரமக்கள் தம் பகுதியில் கூடிப் பேசும் பகுதியவைகளுக்குத் தமிழ்நாட்டில் விதி வகுக்கப்பட்டது 2022-இல்தான். முதற் கூட்டங்கள் 2022 நவம்பர் 1-இல் நடைபெற்றன. ஏறத்தாழ முப்பது ஆண்டு நகரத்தான் வரி மட்டுமே செலுத்தினான். வாய் அவனுக்கு இல்லை. பகுதியவைப் பேராளரை மக்கள் தேர்ந்தெடுக்காமல் மன்றமே அமர்த்தும் முறை இன்னும் ஒரு குறையே. ஆயினும் திறந்த சிறு கதவைப் பெரிதாக்குவதற்கும் உள்ளே நுழைந்தாக வேண்டும். ஒரு பகுதியின் மக்கள் தம் குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால் பற்றித் தவறாது சென்று பேசிப் பதிவு செய்வாராயின், அமர்த்தப்பட்டவரும் அவர்க்குச் செவிசாய்த்தே தீர வேண்டியிருக்கும்.

'தீர்மானம் போட்டு என்ன பயன்?' என்று சலிப்போர் உண்டு. அவர்கள் ஒடிசாவின் நியம்கிரி மலையைப் பார்க்க. அம்மலையில் பாக்சைட்டுத் தோண்ட வேதாந்தா நிறுவனம் முயன்றது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைச் சுட்டி, அங்குள்ள மக்களின் ஊரவைகளே முடிவு சொல்லட்டும் என்று உச்ச முறைமன்றம் 2013 ஏப்பிரல் 18-இல் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு சூலை, ஆகசுட்டுத் திங்கள்களில் 12 ஊர்கள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. பள்ளி வாயில் காணாத டோங்கிரியா கோந்தப் பழங்குடியினர் தம் தாய்மொழியில் சொன்ன சொல், பெருநிறுவனத்தைப் பின்வாங்கச் செய்தது.

தமிழ்நாட்டிலும் சான்று உண்டு. தமிழி எழுத்துக் கல்வெட்டைத் தாங்கி நிற்பதும், 2022-இல் பல்லுயிர் மரபிடமாக அறிவிக்கப்பட்டதுமான மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை உள்ளடக்கி, ஏறத்தாழ 2,015 எக்டேர் நிலத்தில் டங்சுடன் எடுக்கும் ஏலத்தை 2024 நவம்பரில் வேதாந்தா குழுமத்தின் இந்துசுத்தான் சிங்க் பெற்றதாக அறிவிப்பு வந்தது. அத்திங்களிலேயே அரிட்டாபட்டியும் சுற்று ஊர்களும் ஊரவைகளில் எதிர்த்துத் தீர்மானம் செய்தன. 2024 திசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் செய்தது. மக்கள் மேலூரிலிருந்து மதுரை நோக்கி நடந்தனர். 2025 சனவரி 23-இல் நடுவண் அரசு அந்த ஏலத்தை நீக்கியது. எந்த மேலூர் வட்டத்தில் 1997-இல் ஓர் ஊராட்சித் தலைவன் குருதியில் கிடந்தானோ, அதே வட்டத்தில்தான் ஊரவையின் சொல் இத்துணை உயர்ந்து நின்றது. பிரிந்து நின்ற ஊர் எதனை இழந்தது, கூடி நின்ற ஊர் எதனைக் காத்தது என்பதற்கு இவ்விரண்டினும் பெரிய பாடம் வேறு வேண்டுமோ?

எல்லாத் தீர்மானமும் வெல்வதில்லை என்பதும் மெய். காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரம் ஊரார், பரந்தூர் வானூர்தி நிலையத் திட்டத்தை எதிர்த்து 2022 முதல் ஊரவை தோறும் தீர்மானம் செய்து வந்தும் அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. ஊரவையின் மறுப்பு எல்லாத் துறையிலும் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சட்டம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வைப்பதே அடுத்த போராட்டம். ஊரவைக்கும் எல்லை உண்டு என்பதை மறத்தலும் கூடாது. சாதி கூறி ஒருவனை ஒதுக்கவோ, மணந்துகொண்ட இருவரை ஊர்விலக்கம் செய்யவோ எந்த அவைக்கும் உரிமை இல்லை. அத்தகைய தீர்மானம் தீர்மானம் அன்று; குற்றம்.

உள்ளாட்சியை உறங்க வைக்க அரசுகள் கையாளும் வழி ஒன்று உண்டு: தேர்தலைத் தள்ளிப் போடுதல். 2016-இல் நடந்திருக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 திசம்பரில்தான், அதுவும் ஒன்பது மாவட்டங்கள் நீங்கலாக, நடைபெற்றது. மூன்றாண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள் ஊராட்சிகளை ஆண்டனர். அங்ஙனம் தேர்வுற்றோர் காலம் 2025 சனவரி 5-இல் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்களே அமர்த்தப்பட்டனர். கட்சி மாறினும் இவ்வழக்கம் மாறவில்லை. தலைவர் இல்லாத காலத்திலும் ஊரவை உண்டு என்பதை மக்கள் மறவாதிருத்தல் வேண்டும். ஊராட்சி மன்றம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பிறந்து இறக்கும்; ஊரவையோ ஊர் உள்ள வரை உள்ளது. தனி அலுவலர் அமர்ந்துள்ள ஊரிலும் கணக்குக் கேட்கும் உரிமை ஊரார் கையைவிட்டுப் போகவில்லை.

ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னர் ஒரு சிலர் தம் விதியைக் கல்லில் வெட்டினர். இன்று அனைவர்க்கும் உளியைச் சட்டம் தந்திருக்கின்றது. உளி துருப்பிடித்துக் கிடக்க, கல் எவன் கையிலோ இருக்கின்றது. அடுத்த ஊரவை நாள் எது என்று ஒவ்வொரு குடும்பமும் சுவரில் எழுதி வைக்கட்டும். அந்நாளில் அடுப்பு ஒரு நாழிகை பிந்தி எரியட்டும். கடை ஒரு நாழிகை பிந்தித் திறக்கட்டும். ஆணும் பெண்ணும், மேலைத் தெருவும் கீழைத் தெருவும் ஒரே பாயில் அமரட்டும். கணக்கைக் கேட்கட்டும், வரைவைப் படிக்கட்டும், மறுப்பை எழுதட்டும், எழுதியதைப் படித்த பின்னரே கையொப்பம் இடட்டும்.

ஊர்விதியை எழுதும் கை எவர் கையோ, அவர் கையிலேயே ஊர். அக்கை ஊராரின் கையாகுக!